மசான்: அழுவதற்கு உறவுமுறை இல்லாதவர்கள்

நீரஜ் கேவான் இயக்கி 2015 ஜூலையில் திரைக்கு வந்த 'மசான்' (சுடுகாடு) என்ற இந்திப் படத்தைச் சாதியைப் பற்றிய படம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காசியைப் பற்றிய படம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரியே. எனக்கு அது எப்போதும் ஒரு காதல் படமாகவே மனத்தில் நிற்கிறது. இளம் வயதில் இருவர் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், ஒருவர் இறந்துபோகிறார், மற்றவர் மிஞ்சுகிறார். மிஞ்சியவர் தன் துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார் என்பதே கதை. திருமணம் ஆகாத காதலில் ஒருவர் இறந்தால் மற்றவருக்குத் துக்கம் அனுசரிக்க நம் சமூகத்தில் ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கதையை முடிவுவரை சொல்லாமல் இதை எழுத இயலாது. ஆகையால் படத்தைப் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கேவானுக்கு இது முதல் முழுநீளப் படம். அதற்கு முன் அவர் அனுராக் காஷ்யப்பிடம் உதவி இயக்குநராக இருந்தவர். கதை, வசனத்தை எழுதியவர் வருண் குரோவர், பாடல்களில் பெரும்பாலானவையும் அவருடையவை, இசை இந்தியன் ஓஷன் குழுவினர். 2015 கான் திரைப்பட விழாவில் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் திரையிடப்பட்டு, பன்னாட்டுத் திரை விமர்சகர் கூட்டமைப்பின் விருதோடு, புதிய இயக்குநருக்கான சிறப்புப் பரிசையும் பெற்றது. இன்று பெரிய நட்சத்திரமாக இருக்கும் விக்கி கௌஷல் முதன்முதலாக முதன்மை வேடம் ஏற்ற படமும் இதுதான். இந்த விவரங்களை இத்துடன் நிறுத்திக்கொண்டு கதைக்கு வருகிறேன்.

தீபக் காசியில் அரிச்சந்திர கட்டம் என்ற படித்துறையில் பிணம் எரிக்கும் டோம் குடும்பத்துப் பையன். கங்கைக்கரையில் சுடுகாடாக இருக்கும் கட்டங்கள் இரண்டு. ஒன்று மணிகர்ணிகை, மற்றொன்று அரிச்சந்திர கட்டம். பாரதி இளவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த அனுமன் கட்டம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காசிக்குப் போய்வந்த தமிழர்கள் பலரும் இந்தப் புகையைத் தாண்டித்தான் நடந்திருப்பார்கள். அங்கே இரவு பகல் என்ற பேதமில்லாமல் சிதைகள் எரிகின்றன. விறகு எடைபோட்டு விற்கப்படுகிறது. எவ்வளவு பெரிய குலத்தில் பிறந்தவராக இருந்தாலும், சிதைக்கு வைக்கும் நெருப்பை டோம்களிடமிருந்துதான் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த நெருப்பில்லாமல் காசியில் முக்தி இல்லை என்று நம்புகிறவர்களே, நெருப்பைக் கொடுத்த கை பட்டால் தீட்டு என்றும் நம்புகிறார்கள். தீபக் பாலிடெக்னிக்கில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான். அந்தக் கரையை விட்டு வெளியேறுவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே படிக்கட்டு அந்தப் படிப்புதான்.

அவன் விரும்பும் பெண் ஷாலு குப்தா. அவனைவிட மேலான சாதி என்று ஊர் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். நண்பர்கள் உந்தித் தள்ள, ஃபேஸ்புக்கில் நட்பு அழைப்பு அனுப்பித் தொடங்குகிறது பழக்கம். அவளுக்குக் கவிதைப் பித்து உண்டு. பஷீர் பத்ர், நிதா ஃபஸ்லி, அக்பர் அலகாபாதி என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, பாதி புரியாமல், புரிந்ததுபோலவும் நடிக்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அவன் கேட்கிறான். காதலிக்கும் பையன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டிக்கொள்ளத் துடிக்கும் காட்சிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, தெரியாததைக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே ஒருவன் இவ்வளவு மகிழ முடியும் என்பது புதிதாக இருக்கிறது. துர்கா பூசைக் கூட்டத்தில் இரண்டு சிவப்புப் பலூன்கள் மேலே எழும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். துஷ்யந்த் குமாரின் வரிகளை எடுத்துக்கொண்டு வருண் குரோவர் எழுதிய பாடல் ஒன்று படத்தில் ஒலிக்கிறது. நீ ஒரு ரயில்போலக் கடந்து போகிறாய், நான் ஒரு பாலம்போல அதிர்கிறேன் என்பது அதன் பொருள். பின்னால் வரப்போவது முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. ரயில் போய்விடும், பாலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உன் வீடு எங்கே என்று ஷாலு கேட்கும்போதெல்லாம் அவன் பேச்சை மாற்றுகிறான். அவள் விடாமல் கேட்கிறாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், கோபத்தோடு, தான் டோம் என்பதையும் பிணம் எரிப்பதுதான் வீட்டுத் தொழில் என்பதையும் கொட்டிவிடுகிறான். இதோடு எல்லாம் முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க, பிறகு அவளே தொடர்புகொண்டு, நீ முதலில் ஒரு நல்ல வேலையைத் தேடிக்கொள், வீட்டில் சம்மதிக்காவிட்டால் ஓடிவரவும் நான் தயார் என்ற பொருளில் சொல்கிறாள். அப்போது அவள் குடும்பத்தோடு யாத்திரை போயிருக்கிறாள். ஷாலுவாக நடித்த சுவேதா திரிபாதியின் குரலில் அந்தப் பேச்சு பெரிய தியாகமாக ஒலிப்பதில்லை, ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே திட்டமிடும் நிதானத்தோடு ஒலிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பிறகு ஓர் இரவு, கட்டத்துக்கு ஒரே நேரத்தில் பல உடல்கள் வந்து சேர்கின்றன. யாத்திரை போன பேருந்து விபத்தில் சிக்கியிருக்கிறது. ஆள் போதாமல் தீபக்கும் வேலையில் இறங்குகிறான். வெள்ளைத் துணி, மூங்கில் பாடை, விறகு, எரிச்சலும் அவசரமுமாகக் குரல் கொடுக்கும் உறவினர்கள். தொழில் பழகிய கைகள் தாமாக இயங்கிக்கொண்டிருக்கும்போது, துணிக்கு வெளியே ஒரு கையும், அதில் அவன் முன்பு பார்த்துப் பழகிய மோதிரமும் தெரிகின்றன. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இயக்குநர் அந்த இடத்தில் இசையை அள்ளிக் கொட்டவில்லை. அவனை அலற விடவும் இல்லை. சுற்றிலும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அடுத்த உடல் காத்துக்கொண்டிருக்கிறது.

அது அரிச்சந்திர கட்டம் என்பதை மறந்துவிட்டு இந்தக் காட்சியை என்னால் பார்க்க முடிவதில்லை. நம் தெருக்கூத்திலும் நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் அரிச்சந்திரன் கதையின் உச்சம் எது? காசியில் வீரபாகுவிடம் அடிமைப்பட்டு மயானம் காக்கும் மன்னனிடம், பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். முழத்துண்டும் கால்பணமும் வைத்தால்தான் சுட முடியும் என்கிறான் அவன். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய அவளுடைய தாலி அவன் கண்ணில் பட, வந்திருப்பவள் தன் மனைவி என்றும் கிடப்பது தன் மகன் என்றும் தெரிந்துகொள்கிறான். தமிழ்நாட்டில் பல ஊர்ச் சுடுகாடுகளின் முகப்பில் இன்றும் அரிச்சந்திரன் பெயரில் ஒரு கல்லோ சிறு கோயிலோ இருக்கிறது. பாடையை அங்கே இறக்கிவைத்துச் சடங்கு செய்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மயானத்தில் வேலை செய்பவனிடமே அவனுக்குரிய உயிர் பிணமாக வந்து சேரும் கதை அது. ஓர் அணிகலனை வைத்து அவன் அடையாளம் கண்டுகொள்வதும் அந்தக் கதையில் இருக்கிறது. கேவானும் குரோவரும் தமிழ்க் கூத்தின் தாலியை அறிந்திருந்தார்களா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. அந்த இடத்தின் பெயரே ஒரு கதையைச் சுமந்துகொண்டிருக்கும்போது, அங்கே நிற்கும் இளைஞனின் மீது அந்தச் சுமை தானாக ஏறிவிடுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. பழைய கதையில் தெய்வங்கள் வந்து மகனை எழுப்பிக் கொடுத்து அரசையும் திருப்பித் தருகிறார்கள், ஏனென்றால் அங்கே நிற்பவன் வேடம் மாறிய மன்னன். தீபக் பிறப்பிலேயே அந்தக் கரைக்காரன். அவனுக்காக எந்தத் தெய்வமும் இறங்கி வருவதில்லை.

நம்முடைய சாவுச் சடங்குகள் முழுவதும் உறவுமுறையால் கட்டப்பட்டவை. கொள்ளி வைக்க மகன், கோடி போடத் தாய்வீட்டார், வாய்க்கரிசி போட இன்னின்னார், தீட்டுக் காக்கப் பங்காளிகள், எண்ணெய் வைக்கச் சம்பந்தி என்று ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு வேலையையும் ஒரு வரிசையையும் வகுத்து வைத்திருக்கிறோம். இந்த ஏற்பாட்டை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். இழந்தவன் இடிந்து உட்கார்ந்துவிடாமல், கையில் ஏதாவது ஒரு காரியத்தைக் கொடுத்து நடக்க வைப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி அது. ஆனால் அந்த வரிசையில் காதலனுக்கோ காதலிக்கோ இடம் இல்லை. நேற்றிரவுவரை யாரோடு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தாளோ, யாரோடு வாழப்போவதாக முடிவுசெய்திருந்தாளோ, அவனுக்கு அவள் இறந்த வீட்டில் உட்காரக்கூட உரிமை கிடையாது. அவன் அழுதால், நீ யார், எதற்கு அழுகிறாய் என்ற கேள்வி வரும். அதற்கு உண்மையான பதிலைச் சொன்னால் இறந்தவளின் பெயருக்குக் களங்கம் என்பார்கள். ஆகவே அழாமல் இருப்பதுதான் அவன் அவளுக்குச் செய்யக்கூடிய ஒரே மரியாதையாகிவிடுகிறது.

கல்லூரியில் என்னோடு விடுதியில் இருந்த ஒருவனுக்கு இது நேர்ந்தது. எங்கள் வகுப்பிலேயே படித்த பெண், காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள், சில நாட்களில் இறந்துவிட்டாள். டெங்கு என்றார்கள். வகுப்பு மொத்தமும் ஒரு வேன் பிடித்துப் போனோம். எல்லோரிடமும் காசு வசூலித்து ஒரு பெரிய மாலை வாங்கியிருந்தோம். அவன் பங்கும் மற்றவர்கள் பங்கும் ஒன்றுதான். வீட்டுக்கு வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய தாய்மாமன் போன்ற ஒருவர் வந்து, "நீங்கல்லாம் எந்த ஊருப்பா?" என்று கேட்டார். "கூடப் படிச்சவங்க மாமா" என்று பதில் சொன்னவன் அவன்தான். மாமா என்ற அந்தச் சொல் அவன் வாயிலிருந்து எப்படி வந்தது என்பதை நான் இன்றும் யோசிப்பதுண்டு. திருமணம் நடந்திருந்தால் அவரை அவன் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான். அவர் அதைக் கவனிக்கவில்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மாலை போடும் வரிசையில் அவன் நடுவில் எங்கோ நின்றான். திரும்பி வரும் வழியில் எங்களில் சிலருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும் என்பதால், வேனில் மற்றவர்கள் மெதுவாக வேறு பேச்சுக்கு மாறிவிட்டார்கள். அவன் பின் இருக்கையில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து பேசிக்கொண்டே வந்தான்.

'மசான்' இந்த நிலையை எடுத்துக்கொண்டு அதன் மேல் இன்னொரு முடிச்சைப் போடுகிறது. அந்த மயானத்தில் ஷாலுவின் உடலுக்கு மிக அருகில் நிற்கவும், சிதையை அடுக்கவும், நெருப்பைக் கொடுக்கவும் பிறப்பாலேயே உரிமை பெற்றவன் தீபக் ஒருவன்தான். அதே விபத்தில் இறந்த அவளுடைய பெற்றோரே உயிரோடு நின்றிருந்தாலும் அவனிடம்தான் நெருப்புக் கேட்டிருப்பார்கள். உயிரோடு இருந்தபோது எந்தக் கை அவளைத் தொட்டிருந்தால் அவளுடைய சாதி ஆத்திரப்பட்டிருக்குமோ, அந்தக் கை அவளுடைய உடலைத் தொட வேண்டும் என்பதே இறந்தபின் அந்தச் சாதியின் சாத்திரம். தொழிலாளியாக அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. காதலனாக ஒரு துளி கண்ணீருக்கும் உரிமை இல்லை. சாதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக வசனம் பேசும் படங்கள் எட்டாத ஓர் இடத்தை, ஒரு வசனமும் இல்லாத அந்த இரவுக் காட்சி எட்டிவிடுகிறது.

ஷாலுவை ஏன் விபத்தில் கொன்றார்கள், சாதிக் கலப்புக் காதலில் வீட்டார் எதிர்ப்பு என்ற உண்மையான சோதனையைச் சந்திக்காமல் கதாசிரியர் தப்பித்துக்கொண்டார் என்று ஒரு விமர்சனம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது இந்த விமர்சனத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் அருகே, சாதி மாறி மணம் செய்துகொண்ட சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும், உடன் வெட்டுப்பட்டு உயிர்பிழைத்த அவர் மனைவி கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் நின்றதும் நாம் அறிந்தவை. அரிவாள் நிஜமாக இருக்கும் நாட்டில் பேருந்து விபத்து என்பது சற்று மென்மையான மரணமாகத் தோன்றலாம். ஆயினும் இந்தப் படத்தின் அளவில் விபத்துதான் சரியான தேர்வு என்பது என் எண்ணம். கொலை நடந்திருந்தால் தீபக்குக்குக் கோபம் கிடைத்திருக்கும், எதிரி கிடைத்திருப்பான், வழக்கும் நீதியும் கிடைத்திருக்கும். துக்கத்தைத் தாங்கிக்கொள்ள அவை ஒவ்வொன்றும் ஒரு பிடிமானம். விபத்து அவனுக்கு எதையும் தரவில்லை. நொந்துகொள்ள ஓர் ஆள்கூட இல்லாத இழப்பில்தான், அவனுக்கு அழ இடமில்லை என்ற உண்மை எந்த மறைப்பும் இல்லாமல் தெரிகிறது.

படத்தில் எனக்கு உள்ள குறை வேறு. ஷாலுவின் வீட்டை நாம் போதிய அளவு பார்ப்பதில்லை. அவள் கவிதை படிக்கிறாள், சிரிக்கிறாள், துணிவாகப் பேசுகிறாள், இறந்துபோகிறாள். தீபக்கின் கண்ணுக்குத் தெரிந்த ஷாலு மட்டுமே நமக்குக் கிடைக்கிறாள். இறந்தவர்கள் நினைவில் அப்படித்தான் எஞ்சுவார்கள் என்று சமாதானம் சொல்லலாம். இருந்தாலும் அவளுக்கு இன்னும் இரண்டு காட்சிகள் தனியாகக் கொடுத்திருக்கலாம்.

இறுதியில் அவனை அழ வைப்பவர்கள் நண்பர்கள்தான். சில நாட்கள் ஒன்றும் பேசாமல் திரிந்தவன், ஆற்றங்கரையில் குடித்துக்கொண்டிருக்கும்போது உடைந்துபோய், "இந்தத் துக்கம் ஏன்டா தீர மாட்டேங்குது?" என்ற பொருள்படும் ஒரு வரியைச் சொல்லி அழுகிறான். இந்தி பேசும் இளைஞர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் வரி அது. நண்பர்களிடம் அவனுக்குச் சொல்ல அறிவுரை ஏதும் இல்லை. அணைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கோடியும் வாய்க்கரிசியும் இல்லாத துக்கத்துக்கு உலகம் முழுவதும் பையன்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் சடங்கு இது ஒன்றுதான் போலும்.

அவளுடைய மோதிரம் அவனிடம் இருக்கிறது. ஒரு சமயம் அதைக் கங்கையில் வீசி எறிகிறான். எறிந்த அடுத்த கணமே தண்ணீரில் குதித்துப் பைத்தியம் பிடித்தவன்போலத் தேடுகிறான். கிடைக்கவில்லை. துக்கத்தைப் பற்றி நான் படித்த எந்த விளக்கத்தைவிடவும் இந்த இரண்டு செயல்களும் அதிகம் சொல்கின்றன. விட்டுவிட வேண்டும் என்று நினைப்பதும், விட்டவுடன் அது இல்லாமல் முடியாது என்று தோன்றுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று வெளியில் இருப்பவர்களுக்குத்தான் தோன்றும்.

அந்த மோதிரம் அதோடு கதையை விட்டுப் போவதில்லை. படத்தில் தீபக்கின் கதைக்கு இணையாக ஓடும் இரண்டாவது கதையின் நாயகி தேவி. ரிச்சா சத்தா நடித்திருக்கும் இந்தப் பெண், பியூஷ் என்ற மாணவனோடு ஒரு ஹோட்டல் அறையில் இருக்கும்போது போலீஸ் உள்ளே நுழைகிறது. இன்ஸ்பெக்டர் அவளைச் செல்பேசியில் படம் பிடிக்கிறார். பயந்துபோன பியூஷ் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கை நரம்பை அறுத்துக்கொள்கிறான், பிழைப்பதில்லை. படத்தை வெளியிடாமல் இருக்கவும் வழக்குப் போடாமல் இருக்கவும் தேவியின் தந்தையிடம் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார் இன்ஸ்பெக்டர். முன்பு சமஸ்கிருத ஆசிரியராக இருந்து, இப்போது கட்டத்தில் பூசைப் பொருள் விற்றுப் பிழைக்கும் வித்யாதர் பாடக் என்ற அந்தத் தந்தையாகச் சஞ்சய் மிஸ்ரா நடித்திருக்கிறார். கடையில் உதவிக்கு இருக்கும் ஜோண்டா என்ற சிறுவன், ஆற்றில் மூழ்கிக் காசு பொறுக்கும் பந்தயத்தில் இறங்கும்போது அவன் கையில் ஷாலுவின் மோதிரம் சிக்குகிறது. அது வித்யாதரிடம் போய், அவர் கட்ட வேண்டிய கடைசித் தவணைக்கு வழி செய்கிறது. இறந்த ஒரு பெண்ணின் நினைவாக ஒருவன் வைத்திருந்த பொருள், இறந்த ஒருவனின் பெயரால் மிரட்டப்பட்ட இன்னொரு பெண்ணை விடுவிக்கிறது. யாரும் யாரையும் அறிவதில்லை. கதை வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று சிலர் இதைக் குறை சொன்னார்கள். பிணத்தோடு வந்த பொன்னையும் காசையும் ஆற்றுக்கு இறைத்து, அதே ஆற்றிலிருந்து ஏழைப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி எடுக்கும் ஊரில் இது அப்படியொன்றும் நடக்காத காரியம் இல்லை.

தேவிக்கும் பியூஷுக்கும் இடையே இருந்தது காதலா? படம் அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. ஏன் போனாய் என்று போலீஸ் கேட்கும்போது, அறிந்துகொள்ளும் ஆவலில் போனேன் என்கிறாள். அவனைத் தெய்வீகக் காதலன் என்று சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் முயலவில்லை. ஆனாலும் அவன் அன்று பரிசாகக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாள். ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்க்கிறாள். அங்கே பங்கஜ் திரிபாதி நடித்திருக்கும் ஒரு மென்மையான சக ஊழியர் அவளோடு பாயசம் பற்றிப் பேசுகிறார். அவரைத் திருமணம் செய்துகொண்டு அவள் நிம்மதியாக இருந்துவிடுவாளோ என்று நாமும் ஒரு கணம் ஆசைப்படுகிறோம். அவள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆசைப்பட்டதற்குத் தண்டனையாக ஒருவனின் மரணத்தையே சுமந்துகொண்டிருப்பவளுக்குத் துக்கமும் குற்ற உணர்வும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்துவிட்டிருக்கின்றன. தீபக்குக்கு அழ உரிமை மட்டும்தான் இல்லை. தேவிக்கோ, அழுதால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற நிலை.

இருவரும் கடைசியில் அலகாபாத் போகிறார்கள், அவன் ரயில்வே வேலைக்கு, அவள் படிப்புக்கு. சங்கமக் கரையில் முன்பின் அறியாதவர்களாகச் சந்திக்கிறார்கள். அழுதுகொண்டிருப்பவளுக்கு அவன் தண்ணீர் கொடுக்கிறான். படகுக்காரர் கூப்பிட, இருவரும் ஏறுகிறார்கள். இந்த இடத்தைப் புதிய காதலின் தொடக்கம் என்று எழுதிய விமர்சனங்களைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு பெண்ணை இழந்தவனுக்கு இன்னொரு பெண்ணும், ஓர் ஆணை இழந்தவளுக்கு இன்னோர் ஆணும் கிடைத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று நம்புவது இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் செய்யும் அவமரியாதை. யார், என்ன சாதி, ஏன் அழுகிறாய் என்று கேட்காத ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அப்போதைக்கு அவர்கள் இருவருக்கும் பெரிய விஷயம். அதற்கு மேல் அந்தக் காட்சியில் ஏற்றிப் படிக்க எனக்கு விருப்பமில்லை.

அதற்குச் சற்று முன் வரும் காட்சிதான் படத்தின் உச்சம் என்று நான் கருதுகிறேன். தேவி அலகாபாத்தில் பியூஷின் பெற்றோர் வீட்டைத் தேடிப் போகிறாள். மகன் யாரோடு இருந்தபோது இறந்தான் என்று அவர்கள் வெறுத்துக்கொண்டிருப்பார்களோ, அந்தப் பெண் தான்தான் என்று அவர்கள் முன்னால் போய் நிற்கிறாள். கேமரா அவளோடு உள்ளே போவதில்லை, வெளியே நின்றுவிடுகிறது. உள்ளேயிருந்து வரும் சத்தத்தை வைத்து நடப்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அவளை யாரும் அழைக்கவில்லை, அவள் போகாமல் இருந்திருந்தால் யாரும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் உறவுமுறையில் தனக்கு இடமில்லாத ஒரு வீட்டுக்கு, வசவும் அடியும் கிடைக்கும் என்று தெரிந்தே, துக்கம் கேட்கப் போகிறாள். தீபக்கால் ஷாலுவுக்காக அதைச் செய்ய முடியவில்லை. அந்தப் பேருந்தில் அவள் குடும்பமும் போய்விட்டதால் தட்டுவதற்கு ஒரு கதவுகூட அவனுக்கு மிச்சமில்லை. தேவிக்கு ஒரு கதவு இருந்தது, அவள் போய்த் தட்டினாள்.